அழிக்குமுன் அளந்து பாருங்கள்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை. பருவத்தேர்வு விடைத்தாள்கள் என் மேசைமேல் குவிந்திருந்தன. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தம் மடிக்கணிப்பொறியை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார். “சார், வைஃபை வரமாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லா இருந்தது” என்றார். அவருடைய அண்ணன் பயன்படுத்திக் கொடுத்த பழைய கணிப்பொறி அது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா நிறுவிடுப்பா, சரியாயிடும்” என்றேன்.

ஆசிரியர் சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றிரவே அழித்தார், புதிதாக நிறுவினார். வைஃபை வரவில்லை. மறுநாள் விடுதியில் இன்னொரு மாணவர் கணிப்பொறியின் முன்விளிம்பைத் தடவிப் பார்த்து, அங்கிருந்த ஒரு சிறு நழுவு விசையை வலப்பக்கம் தள்ளினார். வந்துவிட்டது! பையில் செருகும்போது அது இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அழிந்துபோன வட்டில், ஓர் ஒளிமின்கலத்தின் மின்னோட்டம் வெப்பநிலைக்கேற்ப எப்படி மாறுகிறது என்று அவர் ஆறு வாரம் எடுத்த அளவீடுகள் இருந்தன. முதல் மூன்று வாரத்துக்குத்தான் படி எடுத்து வைத்திருந்தார். மீதி மூன்று வாரத்தையும், பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து மீண்டும் அளந்தார். என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன். ஒரு சோதனையில் எதிர்பாராத விளைவு வந்தால் கருவியைக் கழற்றிப் போட்டுவிடாதே, முதலில் பார், குறித்துக்கொள், பிறகு ஒன்றை மட்டும் மாற்று என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்கிறவன் நான். அதே நான், கணிப்பொறி என்றதும் தடயங்களையெல்லாம் கழுவித் துடைத்துவிடச் சொன்னேன். அழித்து நிறுவுவது பழுதைக் கண்டுபிடிப்பதன்று. பழுது இருந்த வீட்டையே இடித்துவிடுவது. பழுது வீட்டுக்கு வெளியே இருந்தாலோ, இடித்தும் பயனில்லை. வைஃபைப் பழுது என்பது முதலில் ஓர் இயற்பியல் வினா. அதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே தேடிப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. அதற்கு லினக்ஸைவிட நல்ல ஆய்வுக்கூடம் உங்கள் வயதில் எளிதில் கிடைக்காது.

இதைச் சொன்னதும் எங்கள் துறையில் ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். “பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் இன்று. அவனை உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணச் சொல்கிறாயா?” என்றார். நியாயமான கேள்விதான். கடைசி நாள் இரவில் ஆராய்ச்சி வேண்டாம். ஒரு கைப்பேசியையும் அதன் மின்னூட்டக் கம்பியையும் எடுத்துக் கணிப்பொறியில் செருகி, கைப்பேசி அமைப்பில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குங்கள். லினக்ஸ் பெரும்பாலும் அதை ஒரு கம்பி வலையாகவே எடுத்துக்கொண்டு இணையத்தில் சேர்ந்துவிடும். விண்ணப்பம் போகட்டும். ஆராய்ச்சியை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். நண்பரின் கேள்வியில் பாதியை இப்படி ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனெனில் அந்த ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலோருக்கு வருவதே இல்லை.

சரி, தேடுவது எப்படி? திருவிழாவில் கோபுரத்துக்குத் தொங்கவிடும் பழைய சீரியல் விளக்குச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 64 விளக்குகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. ஒன்று பழுதானால் எல்லாம் அணைந்துவிடும். அனுபவமுள்ள மின்பணியாளர் முதல் விளக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகமாட்டார். சரத்தின் நடுவில் சோதனைத் திருகியை வைப்பார். அங்கே மின்னழுத்தம் வந்திருந்தால் முன்பாதி நல்லது, பழுது பின்பாதியில். பிறகு அந்தப் பாதியின் நடுவில். 64 விளக்குகளுக்கு ஆறே சோதனை போதும். (இதை நீங்கள் 230 வோல்ட்டில் செய்துபார்க்க வேண்டாம். தாளில் செய்து பாருங்கள்.)

கணிப்பொறிக்கும் இணையத்துக்கும் இடையே உள்ள தொடர்பும் இப்படி ஒரு சரம்தான். கணிப்பொறிக்குள் வானொலி அட்டை ஒன்று இருக்கிறது. அதை இயக்கும் மென்பொருள் இருக்கிறது. காற்றில் அலை போகிறது. எதிரே ரூட்டர் என்னும் பெட்டி அலையை வாங்கிக் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, கணிப்பொறிக்கு ஓர் எண்முகவரி தருகிறது. அந்தப் பெட்டிக்கு அப்பால் கம்பியோ கண்ணாடி இழையோ சேவை நிறுவனத்துக்குப் போகிறது. கடைசியில், நாம் தட்டும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் கணிப்பொறி ஒன்று எங்கோ இருக்கிறது. இவற்றுள் எது அறுந்தாலும் திரையில் நமக்குத் தெரிவது ஒரே செய்திதான்: ‘இணைப்பு இல்லை’.

சரத்தின் நடுப்புள்ளி ரூட்டர். அங்கே சோதனைத் திருகியை வைப்போம். முனையம் என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து ‘ஐ.பி. ரூட்’ என்று கட்டளையிடுங்கள். (கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், புள்ளியில்லாமல் தட்டவேண்டும்.) ‘டீஃபால்ட் வயா’ என்ற சொற்களை அடுத்து வரும் எண் உங்கள் ரூட்டரின் முகவரி, வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இப்போது ‘பிங்’ என்று தட்டி, இடம்விட்டு, அந்த எண்ணைக் கொடுங்கள். சிறு செய்தி ஒன்று ரூட்டருக்குப் போய்த் திரும்பி வரும். எடுத்துக்கொண்ட நேரத்தை மில்லி விநாடியில் காட்டும். ரூட்டர் பத்து மீட்டர் தள்ளியிருந்தால் அலை அங்கே போய்ச்சேர ஒரு விநாடியின் நூறு கோடியில் 33 பங்கே ஆகும். ஆனால் திரையில் இரண்டு, மூன்று மில்லி விநாடி என்று வரும். ஒளியின் வேகத்தில் போகும் தூதன், மீதி நேரமெல்லாம் வாசலில் வரிசையில் நிற்கிறான் என்று பொருள்.

மறுமொழி வந்துவிட்டதா? அப்படியானால் அட்டை, மென்பொருள், அலை, கடவுச்சொல் நான்கும் நிரபராதிகள். உங்கள் லினக்ஸை அழித்து நூறு முறை நிறுவினாலும் பயனில்லை; பழுது பெட்டிக்கு அப்பால் இருக்கிறது, அல்லது பெயரை எண்ணாக்கும் இடத்தில் இருக்கிறது. 1.1.1.1 என்ற எண்ணுக்குப் பிங் செய்து பாருங்கள். எண்ணுக்கு மறுமொழி வந்து, தளத்தின் பெயருக்கு வராவிட்டால் பெயர் மாற்றத்தில்தான் கோளாறு. சில பொது இடங்களில் ரூட்டர் பிங்குக்கு மறுமொழி தராதபடி அமைத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு சோதனையின் ‘இல்லை’யை விட அதன் ‘ஆம்’ உறுதியானது.

எல்லாவற்றுக்கும் மறுமொழி வந்தும் எந்தத் தளமும் திறக்காமல் போனதை ஒருமுறை பார்த்தேன். பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கணிப்பொறி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இது பாதுகாப்பானதன்று’ என்று எச்சரிக்கை. அவள் அப்பா ரூட்டரையே மாற்றிவிட்டிருந்தார்! திரையின் மூலையில் இருந்த தேதியை அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். “அங்கிள், இதுல சனவரி ஒண்ணுன்னு காட்டுது. நாம ஜூலையில இருக்கோம்” என்றாள். ஆண்டும் பல ஆண்டு பின்னால் இருந்தது. தாய்ப்பலகையில் உள்ள மூன்று வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்து கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கிறது. இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டையும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டுகிறது. அதில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். கணிப்பொறியின் கணக்கில் அந்த நாள் இன்னும் பிறக்கவே இல்லை. பிறகு எப்படி நம்பும்? வைஃபை குற்றவாளி அல்லவே அல்ல.

ரூட்டரிடமிருந்து மறுமொழி வராவிட்டால், அல்லது ‘ஐ.பி. ரூட்’ கட்டளைக்கு ஒரு வரிகூட வராவிட்டால், பழுது நம் பக்கத்துப் பாதியில். முதலில் அட்டை கணிப்பொறியின் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்ற கட்டளை உள்ளே பொருத்தப்பட்ட அட்டைகளைப் பட்டியலிடும். செருகு வகை அட்டைக்கு ‘எல்.எஸ்.யு.எஸ்.பி.’. பட்டியலில் அட்டை இருந்தால், அடுத்தது என் மாணவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கட்டளை: ‘ஆர்.எஃப்.கில் லிஸ்ட்’. ஆர்.எஃப். என்பது வானொலி அதிர்வெண். கில் என்பதற்கு உங்களுக்கே பொருள் தெரியும். இது இரண்டு வகைத் தடையை இரண்டு வரியில் காட்டும். ‘சாஃப்ட் பிளாக்டு’ என்பதற்கு எதிரே ‘எஸ்’ இருந்தால் மென்பொருள் வழியாக அணைக்கப்பட்டிருக்கிறது; விமானப் பயன்முறைப் பொத்தானில் விரல் பட்டிருக்கும்; ‘ஆர்.எஃப்.கில் அன்பிளாக் வைஃபை’ என்றால் விலகிவிடும். ‘ஹார்ட் பிளாக்டு’ என்பதற்கு எதிரே ‘எஸ்’ இருந்தால் எந்தக் கட்டளையாலும் விலகாது. எங்கோ ஒரு விசை இருக்கிறது, விரலால் தேடவேண்டும். நான் அன்று இந்த ஒரு கட்டளையைச் சொல்லியிருந்தால் ஐந்து விநாடியில் முடிந்திருக்கும்.

அட்டை தெரிகிறது, தடையும் இல்லை, ஆனாலும் உயிரில்லை என்றால், கணிப்பொறியின் நாட்குறிப்பைப் படிக்கவேண்டும். ‘டி.மெஸ்ஜி’ என்ற கட்டளை, கருவகம் தொடங்கியதிலிருந்து தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகளைக் காட்டும். பல பதிப்புகளில் நிர்வாகியின் உரிமையோடுதான் படிக்கவிடும். ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை அதில் தேடுங்கள். வைஃபை அட்டைக்குள்ளேயே ஒரு சிறு செயலி இருக்கிறது. அதற்குரிய நிரலைக் கணிப்பொறி ஒவ்வொரு முறையும் ஏற்றிவிடவேண்டும். அந்த நிரல்கோப்பு வட்டில் இல்லை என்றால், இன்ன பெயருள்ள கோப்பு கிடைக்கவில்லை என்று குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கும். கோப்பை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். இணையத்துக்குப் போகக் கோப்பு வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை! முன்னே சொன்ன கைப்பேசிக் கம்பி இங்கேயும் கைகொடுக்கும்.

இந்தப் பழுதுக்கு மட்டும் லினக்ஸைக் குறைசொல்வது நியாயமன்று என்று நினைக்கிறேன். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கருவகத்தை உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். ஆனால் வைஃபை சில்லுகளைச் செய்த நிறுவனங்கள் பல, சில்லு எப்படி இயங்குகிறது என்ற விவரத்தை நெடுங்காலம் கொடுக்கவே இல்லை. பிராட்காம் சில்லுகளுக்கு, நிறுவனத்தின் மென்பொருளைப் பின்னோக்கி ஆராய்ந்து ஆர்வலர்கள் தாங்களே இயக்கி எழுதினார்கள். அந்நிறுவனம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை 2010இல்தான் வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் குழுவினர், மூலநிரல் திறக்கப்படாத நிரல்கோப்புகளைத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்று பல ஆண்டுகள் கொள்கையாக இருந்தார்கள். 2022இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அக்கோப்புகள் வட்டிலேயே வருகின்றன. கொள்கை தளர்ந்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் இருமனம். ஆனால் கிராமத்து மாணவர் ஒருவர், கம்பியும் இல்லாமல் வைஃபையும் இல்லாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் வாக்கை அவர்கள் பக்கமே போட்டிருப்பேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: காற்று. வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களை ஒட்டி இருக்கின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்: முதலாவதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், இரண்டாவது 6 சென்டிமீட்டர். ஜகதீச சந்திர போஸ் 1895இல் கல்கத்தாவில், இடையே கம்பியே இல்லாமல் தொலைவில் மணியை ஒலிக்கவைத்துக் காட்டினார். இவற்றைவிடக் குறுகிய அலைகளையும் உண்டாக்கி ஆராய்ந்தவர் அவர். வைஃபைக்கான முதல் தரக்குறியீடு வந்தது 1997இல். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005இல் விலக்கு அளித்தார்கள்.

இந்தப் பட்டையைத் தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தடத்தின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் 6ஆம் தடம் 2437, 11ஆம் தடம் 2462, 13ஆம் தடம் 2472. ஒவ்வொரு தடமும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் உள்ளது. ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருபது மெகாஹெர்ட்ஸ் வண்டி! ஆகவே 1, 6, 11 என்ற மூன்றுதான் ஒன்றையொன்று இடிக்காமல் போகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீட்டு ரூட்டரும் அவரவர் இஷ்டத்துக்கு 3, 4, 8 என்று நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இந்த எண்கள் எங்கள் வீட்டிலேயே ஒரு துப்பறியும் கதையை உண்டாக்கின. மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மடிக்கணிப்பொறியில் லினக்ஸ் போட்டிருந்தேன். சில நாள் எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் இருக்கும். சில நாள் இருக்காது. அதே நேரத்தில் கைப்பேசியில் தெரியும்! பக்கத்து வீடுகளின் பெயர்களெல்லாம் கணிப்பொறியிலும் தெரியும். நம் வீடு மட்டும் தெரியாது. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு புத்தி வந்து, தெரியும் நாள், தெரியாத நாள், அன்றைக்கு ரூட்டர் எந்தத் தடத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். ஐந்தாம் நாளே விடை தாளில் இருந்தது. தெரியாத நாள்களிலெல்லாம் ரூட்டர் 13ஆம் தடத்தில் இருந்தது. அது தானாகவே தடம் தேர்ந்துகொள்ளும் அமைப்பில் இருந்தது. கணிப்பொறியில் ‘ஐ.டபிள்யூ. ரெக் கெட்’ என்று கேட்டேன். எந்த நாட்டு விதிப்படி நடக்கிறாய் என்பது அதன் பொருள். அமெரிக்கா என்று சொன்னது. அமெரிக்க வழக்கில் வைஃபை 11ஆம் தடத்தோடு நின்றுவிடுகிறது. 13இல் யார் கூப்பிட்டாலும் அந்தக் கணிப்பொறி காது கொடுக்காது. நான் ரூட்டரை 6ஆம் தடத்தில் நிலையாக நிறுத்தினேன், கதை முடிந்தது. கணிப்பொறி கெட்டுப்போகவில்லை, ரூட்டரும் கெட்டுப்போகவில்லை. இருவரும் வெவ்வேறு நாட்டுச் சட்டத்தைக் கடைப்பிடித்தார்கள்!

அலையின் வலிமையையும் நீங்களே அளக்கலாம். ‘ஐ.டபிள்யூ. டெவ்’ என்றால் உங்கள் அட்டையின் பெயர் தெரியும். பிறகு அந்தப் பெயரையும் ‘லிங்க்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால், ‘சிக்னல்’ என்ற வரியில் மைனஸ் 52 என்பது போல ஓர் எண் வரும். ஒரு மில்லிவாட்டைப் பூச்சியமாக வைத்து டெசிபெல்லில் சொல்லும் அளவு இது. பத்து டெசிபெல் குறைந்தால் திறன் பத்தில் ஒன்றாகிறது; மூன்று குறைந்தால் பாதியாகிறது. மைனஸ் 70 என்றால் அட்டைக்கு வந்து சேர்வது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமான ஆற்றலில்தான் பாடக் காணொளி ஓடுகிறது என்பதை நினைத்தால், வைஃபை ஏன் வரவில்லை என்பதைவிட எப்படி வருகிறது என்பதே பெரிய வியப்பு. இந்த எண் மைனஸ் 80ஐ நெருங்கினால் மென்பொருளைத் தொடாதீர்கள். எழுந்து நடந்து பாருங்கள். நம் வீடுகளில் ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னாலோ, தண்ணீர்த் தொட்டியின் அருகிலோ வைத்துவிட்டு லினக்ஸைத் திட்டுகிறோம். உலோகம் அலையைத் திருப்பியடிக்கிறது, தண்ணீர் உறிஞ்சுகிறது. மேசைமேல் கணிப்பொறியைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே எண் மாறுவதையும் காணலாம். சுவர்களில் பட்டு எதிரொளித்த அலைகள் ஓரிடத்தில் கூடுகின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்றேனே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் சிற்றலைத் தொட்டியின் படமாகப் பார்த்த குறுக்கீட்டு விளைவு உங்கள் சாப்பாட்டு மேசையிலேயே நடக்கிறது.

இன்னொரு வேடிக்கை. வன்வட்டைச் செருகியதும் வைஃபை இழுத்துக்கொள்வதாக ஒரு மாணவி சொன்னார். நம்பவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே செருகினோம், எடுத்தோம். வட்டு இருக்கும்போதெல்லாம் செய்திகள் தவறின. யு.எஸ்.பி. 3.0 கம்பியில் ஓடும் அதிவேகத் துடிப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் இரைச்சலைக் கசியவிடும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. வட்டை மறுபக்கத் துளைக்கு மாற்றியதும் சரியாயிற்று. மாணவி சொன்னபோது “அதெல்லாம் இருக்காதும்மா” என்று சிரித்தவன் நான்தான். இதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கட்டளைகளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தடையை விலக்கும் ஒன்றைத் தவிர மற்றவை எதையும் மாற்றுவதில்லை. பார்த்துச் சொல்கின்றன, அவ்வளவே. வோல்ட்மீட்டர் வேறு, திருப்புளி வேறு. ஆனால் நம் மாணவர்கள் முதலில் எடுப்பது திருப்புளியை. எங்கிருந்தோ கிடைத்த பத்து வரிகளை நகலெடுத்து ஒட்டுகிறார்கள். ‘சூடோ’ என்ற சொல்லோடு தொடங்கும் கட்டளை, கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் அந்த வரிக்குக் கொடுத்துவிடுகிறது. வேதியியல் கூடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியிலிருந்து ஊற்றுவீர்களா? இப்போது கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் உரையாடல் மென்பொருள்களும் வந்துவிட்டன. அவற்றைக் கேட்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் கேட்கிறேன். ஆனால் கட்டளையை வாங்கியதும், ‘இந்த வரி எதைக் காட்டும்? எதையாவது மாற்றுமா? மாற்றினால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி?’ என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள். பத்து வரியையும் ஒரே மூச்சில் ஒட்டி வைஃபை வந்துவிட்டால், எந்த வரியால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் மீண்டும் போகும்போது மீண்டும் பத்து வரி.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தது. சி-டாக் என்ற நம் அரசு நிறுவனம் உருவாக்கியது அது. அக்கணிப்பொறியோடு கல்லூரிக்கு வந்த ஒரு வகுப்பில், பாஸைத் திறந்து பார்த்தவர்கள் கைதூக்குங்கள் என்றேன். அறுபது பேரில் நால்வர் தூக்கினர். மற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அதில் என்ன செய்யலாம் என்று பள்ளியில் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. இலட்சக்கணக்கான வீடுகளுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேல்நிலை வகுப்பு இயற்பியல் செய்முறையில் ஆண்டுக்கு ஒரே ஒரு பழுது தேடும் பயிற்சியைச் சேர்த்தால் என்ன? ஆசிரியர் ரூட்டரின் தடத்தை மாற்றி வைக்கலாம், கடிகாரத்தைப் பின்தள்ளி வைக்கலாம், விசையை நகர்த்தி வைக்கலாம். மதிப்பெண், இணைப்பு வந்ததற்கு வேண்டாம். எந்த வரிசையில் தேடினார், எதை எப்போது விலக்கினார் என்று எழுதிய குறிப்புக்குக் கொடுக்கலாம்.

அந்த டிசம்பருக்குப் பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நீள நோட்டு ஒன்று தொங்குகிறது. பழுது எப்போது கண்டது, என்ன பார்த்தோம், எதை மாற்றினோம் என்று எழுதவேண்டும். எழுதாமல் யாரும் எதையும் அழிக்கக்கூடாது. முதல் பக்கத்தில் அந்த மாணவரின் நழுவு விசை, என் பெயரோடு. இந்த மாதம் திறந்திருக்கும் பக்கத்தில் ஒரு புதிய பதிவு: மூன்றாம் வரிசைக் கணிப்பொறிகளில் மட்டும் மாலை நாலரை மணியளவில் பிங் மறுமொழிகள் தவறுகின்றன, சிக்னல் எண் அப்படியே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சிற்றுண்டிச்சாலை. அங்குள்ள நுண்ணலை அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது; மாலைப் பப்ஸைச் சூடாக்குவது அந்நேரத்தில்தான். எல்லோருக்கும் அதன்மேல் சந்தேகம். ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று ஒருவர் துடிக்கிறார். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, அடுப்பு ஓடும் நேரத்தையும் பிங் தவறும் நேரத்தையும் தனித்தனியே இருவர் ஒரு வாரம் குறிக்கட்டும், அதற்குப் பிறகு மாற்றலாம் என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். மூன்று நாள் குறிப்பு வந்திருக்கிறது. இன்னும் நான்கு நாள் பாக்கி.